பைலட் சுடரும் தெர்மோகப்பிளும்: பழுதுக்குப் பின் ஒரு பகிர்வு

கேஸ் வாட்டர் ஹீட்டர் வாங்கலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். எங்கள் ஹீட்டரைப் பழுது பார்த்து முடித்த கையோடு எழுதுவதால், பதிலில் எரிச்சலும் கலந்திருக்கும்.

எங்களுடையது பைலட் சுடர், அதாவது பெரிய பர்னரைப் பற்றவைக்கும் சிறு சுடர், எந்நேரமும் எரியும் தொட்டி வகை. மின்சாரம் போனாலும் வெந்நீர் தரும்; அதில் ஒரு குறையும் இல்லை. என் சண்டையெல்லாம், அந்தச் சுடர் எரிகிறதா என்று காவல் காக்கும் உறுப்பான தெர்மோகப்பிளோடுதான்.

இரு வேறு உலோகங்கள் இணையும் முனையைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும். 1821-இல் இயற்பியலாளர் சீபெக் கண்டறிந்த இந்த விளைவில்தான் தெர்மோகப்பிள் இயங்குகிறது. பைலட் சுடரில் காயும் முனை தருவது ஏறத்தாழ 30 மில்லிவோல்ட்தான். அந்த அற்ப மின்சாரத்தைக் கொண்டு, கேஸ் வால்வுக்குள் உள்ள மின்காந்தம் ஸ்பிரிங்கின் விசையை எதிர்த்து வால்வைத் திறந்தபடி பிடித்து வைத்திருக்கிறது. இழுத்துத் திறக்கும் வலிமை அதற்கு இல்லாததால்தான், பற்றவைக்கும்போது குமிழை நாம் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ அழுத்தியபடி நிற்க வேண்டியிருக்கிறது. சுடர் அணைந்தால் முனை ஆறி, மின்சாரம் குறைந்து, ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். தெர்மோகப்பிள் தேய்ந்தாலும், கம்பி அறுந்தாலும், இணைப்பு தளர்ந்தாலும் அதே முடிவுதான். கெட்டாலும் கேஸை நிறுத்திவிட்டே கெடும் இந்த உறுப்பை வடிவமைத்தவரை, குளிர்ந்த நீரில் நின்று திட்டும்போதும் மதிக்காமல் இருக்க முடியவில்லை.

ஆனால் ஏன் நிறுத்தியது என்பதை அது சொல்வதே இல்லை. முதலில் வந்த பழுது பார்ப்பவர் சுடரை ஏறிட்டும் பார்க்காமல் தெர்மோகப்பிளை மாற்றிவிட்டுப் போனார். விரைவிலேயே மறுபடி அணைந்தது. அடுத்து வந்தவர் பைலட் துளையில் அடைத்திருந்த தூசியை நீக்கினார். மஞ்சளாகச் சோர்ந்திருந்த சுடர் நீலமாகி, முனையின் மேற்பகுதியைச் சூழ்ந்து எரிந்த பிறகே தொல்லை நின்றது. ஒரு நல்ல தெர்மோகப்பிள் வீணாயிற்று.

இதன் காவலுக்கும் எல்லை உண்டு. பைலட் எரிகிறதா என்பது மட்டுமே இதற்குத் தெரியும். குழாய்க் கசிவையோ கார்பன் மோனாக்சைடையோ அறியாது. நீர் அளவு மீறிச் சூடாவதைத் தடுப்பது தனியான வெப்பக் காப்பு அமைப்பு. சுடர் அணைந்த கணத்தில் வால்வும் மூடிவிடுவதில்லை. முனை ஆறும்வரை சிறிது கேஸ் வெளியேறும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். ஆகவே காற்றோட்டம் கொடுத்துக் காத்திருந்து, தரையருகேயும் கேஸ் வாடை இல்லை என்று உறுதி செய்த பிறகே மீண்டும் பற்றவைக்க வேண்டும். அழுத்திய குமிழை எதையாவது செருகி நிறுத்தி வைக்கலாம் என்று யோசனை சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவே வேண்டாம்.

இவ்வளவு புகழ்ந்தும், நண்பருக்கு என் பதில், இந்தப் பைலட் வகை வேண்டாம் என்பதே. தேவைப்படும்போது மட்டும் மின்பொறியால் பற்றும் வகையை அவர் வாங்கட்டும். எங்கள் ஹீட்டரை மாற்றும் எண்ணம் மட்டும் எனக்கு இல்லை.