காலில் டாட்டூ குத்த 12,000 கொடுத்தேன். "மூணு நாள்ல ஷூ போட்டுக்கலாம்" என்றவர் இப்போது பதிலே சொல்வதில்லை

இதை எழுதும்போது என் இடது கால் இரண்டு தலையணைகளின் மேல் இருக்கிறது. டாட்டூ குத்தி இன்று 23ஆவது நாள். கொடுத்த பணம் 12,000. டாக்டர், மாத்திரை, கட்டு, சம்பளம் இல்லாத விடுப்பு எல்லாம் தனி. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன், என் சுபாவம் அப்படி. கடைப் பெயரைப் போடவில்லை. படம் போடும் சமூக ஊடகத்தில் நிறையப் பேர் பின்தொடரும், கண்ணாடிக் கதவும் சுவர் நிறையச் சான்றிதழும் உள்ள ஒரு டாட்டூ ஸ்டுடியோ. அது மட்டும் தெரிந்தால் போதும். காலில் குத்திக்கொள்ளும் எண்ணம் யாருக்காவது இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கேட்டது ஒரே ஒரு சொல். அம்மா எனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் "நலம்" என்றுதான் தொடங்கும். அம்மா இப்போது இல்லை. அந்தக் கையெழுத்திலேயே அந்தச் சொல்லை இடது புறங்காலில் குத்திக்கொள்ள வேண்டும், சுற்றிலும் சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு கொடி ஓட வேண்டும். புறங்காலில் என்றால் ஊருக்குக் காட்ட அல்ல, குனிந்தால் எனக்குத் தெரியும். மூன்றே எழுத்து. 'ல'வின் சுழியை அம்மா எப்போதும் கொஞ்சம் பெரிதாக இழுப்பார். அந்தச் சுழி அப்படியே வர வேண்டும் என்பதற்காகத்தான் மலிவான இடம் எதற்கும் போகாமல் இங்கே போனேன்.

நம்பியது எந்த நொடியில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கடிதத்தை எடுத்து நீட்டினேன். டாட்டூ குத்தும் பையன் உடனே வாங்கவில்லை. மேஜையை டிஷ்யூவால் துடைத்தார், கையைத் துடைத்தார், அப்புறம் இரண்டு கையாலும் வாங்கி விரித்து வைத்தார். "அம்மா எழுத்தாக்கா? இந்த ல-வை யாராலயும் இப்படி எழுத முடியாது" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அதுதான் வயிறு எரிகிறது. எனக்குக் கிடங்கில் வேலை. முன்பக்கம் கெட்டியான, மூடிய ஷூ கட்டாயம், ஒன்பது மணி நேரம் நின்றபடிதான். "தம்பி, ஷூ போடாம என்னால வேலைக்குப் போக முடியாது. எத்தனை நாள் லீவு போடணும், உண்மையைச் சொல்லுங்க. ரெண்டு வாரம்னா இப்ப வேண்டாம், வருஷக் கடைசியில வரேன்" என்று அத்தனை தெளிவாகச் சொன்னேன். "மூணு நாள் போதும்க்கா. நாலாவது நாள் தாராளமா ஷூ போட்டுக்கலாம். நான் எத்தனை கால் பண்ணியிருக்கேன், என்னை நம்புங்க" என்றார். 12,000 மொத்தமாக முன்பணம். டச் அப், அதாவது மங்கிய இடத்தில் மறுபடி மை ஏற்றுவது, ஆயுளுக்கும் இலவசம் என்றும் அதே வாயால்தான் சொன்னார்.

இப்போது டாக்டர் சொல்லித் தெரிகிறது. மேல்தோல் மூடவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், உள்ளே முழுக்க ஆற மாதக்கணக்கில் ஆகும். அது உடம்பில் எந்த இடமானாலும். காலில் இன்னும் மெதுவாகத்தான். கையில் குத்தினால் கையைச் சும்மா வைத்திருக்கலாம். காலில் குத்திவிட்டு நடக்காமல் இருக்க முடியுமா? ஒவ்வொரு அடிக்கும் தோல் இழுபடுகிறது. நின்றால் நீர் கீழே இறங்கி வீங்குகிறது. ஷூவுக்குள் வியர்வை, சூடு, உரசல். திறந்த புண்ணுக்கு இவை மூன்றும் ஆகவே ஆகாது. இரண்டு வாரமாவது மூடிய ஷூ கூடாது என்பது கால் டாட்டூ போடும் எவருக்கும் தெரிந்த அரிச்சுவடி. அவருக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வாரம் என்று சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன் என்பதும் தெரியும்.

குத்தும்போது நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஊசி ஏற்கெனவே இயந்திரத்தில் மாட்டித் தயாராக இருந்தது. உறையைப் பிரித்ததை நான் பார்க்கவில்லை. நடுவில் இரண்டு முறை கையுறையோடு போனை எடுத்துப் படம் பிடித்தார், அதே கையுறையோடு மறுபடி என் காலைத் தொட்டார். கொடிக்குச் சாம்பல் நிறம் வேண்டுமே, கறுப்பு மையை ஒரு பாட்டிலில் இருந்த தண்ணீரை விட்டு நீர்க்கச் செய்தார். எந்தத் தண்ணீர் என்று கேட்கத் தோன்றவில்லை. எலும்பு மேல் ஊசி ஓடும் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். புறங்காலில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை மிகக் குறைவு என்பது அப்போதுதான் உறைத்தது. சர்க்கரை நோய் உண்டா, ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று ஒரு கேள்வி இல்லை. எனக்குச் சர்க்கரை இல்லை, தப்பித்தேன். இருந்திருந்தால் காலில் ஒரு புண் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்!

முடித்ததும் பாத்திரம் மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, "ரெண்டு நாள் கழட்டாதீங்க" என்று அனுப்பிவிட்டார். நாள்கணக்கில் வைப்பதற்கென்றே காற்றுப் போகும் தனி ஒட்டுப்படலம் இருக்கிறது. இந்தத் தாள் அது இல்லை. சில மணி நேரத்தில் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரிலும் வாசனையில்லாத சோப்பிலும் கழுவி, ஒற்றித் துடைக்க வேண்டும். நான் அவர் சொன்னபடி இரண்டு நாள் வைத்திருந்தேன். பிரித்தபோது உள்ளே மையும் நிணநீரும் வியர்வையும் கலந்து குளமாக நின்றது, தோல் ஊறி வெளுத்திருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "அது நார்மல்க்கா" என்று உடனே பதில் வந்தது. அப்போதெல்லாம் உடனே பதில் வரும்.

சனிக்கிழமை குத்தினேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாள் விடுப்பு. புதன்கிழமை பருத்தி சாக்ஸ் போட்டு, ஷூ போட்டு, வேலைக்குப் போனேன். மதியத்துக்கு மேல் கால் ஷூவுக்குள் இறுகியது. வீட்டுக்கு வந்து சாக்ஸை இழுத்தேன், வரவில்லை. பொருக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு ஊற வைத்து எடுக்கத் தெரியாமல் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். சாக்ஸின் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், மிளகு அளவில் ஒரு கறுத்த பொருக்கு. அது ம்-மின் மேல் இருந்த புள்ளி. அந்த இடத்தில் இப்போது சிவந்த குழி. என் காலில் அம்மாவின் எழுத்து "நலம" என்று நிற்கிறது.

வெள்ளிக்கிழமை சிவப்பு கொடியைத் தாண்டிக் கணுக்கால் பக்கம் பரவ ஆரம்பித்தது. தொட்டால் சுட்டது. படம் அனுப்பினேன். "லோஷன் நிறைய தடவுங்க" என்று பதில் வந்தது. தடவினேன். அதுவும் தப்பாம். மெல்லிசாகப் பூசினால்தான் புண் மூச்சு விடும், அப்பித் தடவினால் ஈரம் தங்கி இன்னும் கெடும். ஞாயிறு காலை குளிர் எடுத்து நடுங்கினேன். தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது, கால் ஊன்ற முடியவில்லை. "காய்ச்சல் அடிக்குது தம்பி, டாக்டர்கிட்ட போகட்டுமா" என்று கேட்டேன். அவரிடம் போய் அனுமதி கேட்டிருக்கிறேன் பாருங்கள், அந்த அளவுக்கு நம்பினேன். "சிலருக்குக் காய்ச்சல் வரும், பயப்படாதீங்க. ஆன்டிபயாடிக் போட்டா இங்க் போயிடும்" என்றார். மாத்திரை சாப்பிட்டால் டாட்டூ மை போய்விடாது. இப்படி ஒரு பொய்யைக் காய்ச்சலில் கிடக்கும் ஆளிடம் சொல்ல எப்படி மனம் வந்தது?

டாக்டர் பார்த்ததும் தோலுக்கடியில் கிருமி பரவியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருந்திருக்கும் என்றார். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டினால் நடு ராத்திரி என்றாலும் வரணும்" என்றார். பத்து நாள் மாத்திரை. சாம்பல் நிறத்தைப் பார்த்துவிட்டு, "மையில் என்ன தண்ணீர் கலந்தார்கள்?" என்றுதான் முதலில் கேட்டார். முழித்தேன். சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும், காய்ச்சி வடித்த தண்ணீரிலும்கூட, டாட்டூவுக்குள் போனால் மாதக்கணக்கில் படுத்தும் ஒரு வகைக் கிருமி இருக்க முடியுமாம். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 2011 கடைசியில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரே கலைஞரிடம் குத்திக்கொண்ட 19 பேருக்குத் தோலில் கட்டி கட்டியாக எழும்பியது. காரணம், முன்கூட்டியே நீர்க்கச் செய்து பாட்டிலில் வந்த சாம்பல் மை. அந்த மையில் இருந்த கிருமி காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். கிருமி நீக்கிய தண்ணீர் என்பது வேறு, காய்ச்சி வடித்த தண்ணீர் என்பது வேறு. எனக்கு அந்தக் கிருமி இல்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டது. ஆனால் அந்த முடிவு வரும்வரை நான் தூங்கிய தூக்கம் எனக்குத்தான் தெரியும்.

மாத்திரை முடிந்ததும், 20ஆவது நாள், செருப்பை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கேட்டது இரண்டே விஷயம். 12,000 திரும்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு பதில் வேண்டும். அந்தப் பையன் திரைக்குப் பின்னால்தான் இருந்தார், இயந்திரச் சத்தமும் அவர் குரலும் கேட்டது. வெளியே இருந்த பெண், "ஆர்ட்டிஸ்ட் லீவு" என்றார். அப்புறம் மேனேஜர் வந்தார். "நீங்க சரியா பராமரிக்கலை மேடம்." அவர்களே சொன்னபடி செய்தேன் என்று மெசேஜ்களைக் காட்டினேன். "ஷூ போடச் சொன்னது மெசேஜ்ல இருக்கா?" இல்லை, நேரில் சொன்னது. "அப்ப நாங்க சொல்லலை." சரி, இலவச டச் அப் என்றீர்களே? நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். எறும்பு அளவு எழுத்தில், கால், விரல், உள்ளங்கை ஆகியவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது என்று இருக்கிறது. காலில் குத்தத்தான் போனேன், காலுக்குத்தான் 12,000 வாங்கினார்கள், காலுக்கு உத்தரவாதம் இல்லையாம். அன்று சாயங்காலம் அவர்கள் பக்கத்தில் இதைக் கருத்தாக எழுதினேன். பத்து நிமிடத்தில் அழித்துவிட்டு என்னைத் தடுத்துவிட்டார்கள். என் காலை குத்தி முடித்த சூட்டில் எடுத்த அந்தப் பளபள படம் மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது, இதயக்குறிகள் விழுந்துகொண்டிருக்கின்றன.

'ல' என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. மை தோலின் இரண்டாவது அடுக்கில், 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டும். இவர் அதற்கும் கீழே இறக்கிவிட்டார். ஊறுகாய் ஜாடியின் எண்ணெய் துணியில் பரவுகிற மாதிரி எழுத்தின் ஓரமெல்லாம் நீலமாகக் கசிந்து, சுழி அடைத்துக்கொண்டுவிட்டது. அம்மாவின் சுழி இல்லை, ஒரு கறை. இது ஆறினாலும் போகாது. லேசரில் எடுக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பல முறை போக வேண்டும், காலில் மெதுவாகத்தான் மங்கும் என்றார் டாக்டர். அதுவும் புண் முழுக்க ஆறிய பிறகுதான் யோசிக்கவே முடியும்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், கால் வலிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஊசி உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். மையில் கலப்பது கிருமி நீக்கிய தண்ணீர்தானா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இரண்டு வாரம் ஷூ இல்லாமல் இருக்க முடியாத வேலை என்றால் காலில் வேண்டவே வேண்டாம், யார் என்ன சொன்னாலும் சரி. வாயால் சொல்வதையெல்லாம் மெசேஜில் எழுதி வாங்குங்கள். கையெழுத்துப் போடும் தாளைப் படியுங்கள். ஆறிய டாட்டூவின் படம் கேளுங்கள், குத்தி முடித்த அன்றைய படம் எதற்கும் உதவாது. சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ கடைக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டு இருக்காதீர்கள், நேரே டாக்டர்.

நேற்று ராத்திரி அந்தப் பையனின் சொந்த எண்ணுக்கு மறுபடி ஒரு மெசேஜ் போட்டேன். 12,000 பற்றிக்கூட எழுதவில்லை. அளவெடுக்க என்று வாங்கி வைத்துக்கொண்ட அம்மாவின் கடிதத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் வந்துவிட்டது. பதில் வரவில்லை.