எவர்சில்வர் போல்ட் போட்டவர்கள் முன் பிரேக்கைக் குனிந்து பாருங்கள்

திருநெல்வேலியில் வண்டிக்கு ‘எவர்சில்வர் போல்ட் செட்’ மாற்றியவர்கள், இதை வாசிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். முன் சக்கரத்தின் அருகே குனிந்து, பிரேக் காலிப்பரை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்வி நிறுத்தும் பாகம்) பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகளின் தலையையும் பாருங்கள். மாற்றிய போல்ட்டின் தலையில் அதன் உறுதியைச் சொல்லும் 8.8 போன்ற எந்த எண்ணும் இல்லாமல் வெறும் பளபளப்பு மட்டும் இருந்தால், இன்று அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

எனக்கு வீடு திசையன்விளையில், வேலை உவரியில். கடற்காற்றில் தினமும் எட்டு மணி நேரம் நிற்கும் வண்டி என்ன ஆகும் என்று அந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாங்கி இரண்டே ஆண்டில் ஒவ்வொரு போல்ட்டின் தலையும் பழுப்பேறிவிட்டது. 350 சிசி வண்டி, ஆசையாக வாங்கியது. பார்க்கப் பார்க்க மனம் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் செட் செட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். மாட்டுகூலியோடு 3,800 ரூபாய். கடைக்காரர் கேட்ட ஒரே கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். “அண்ணாச்சி, உங்கள் வீட்டு எவர்சில்வர் குடம் துருப்பிடித்து என்றைக்காவது பார்த்திருக்கிறீர்களா?” பார்த்ததில்லைதான். ஆனால் என் அம்மா உப்பையும் நாரத்தங்காய் ஊறுகாயையும் எவர்சில்வரில் வைத்தும் நான் பார்த்ததில்லை. அதற்கெல்லாம் பீங்கான் ஜாடிதான். உப்பு எவர்சில்வரையும் புள்ளி புள்ளியாக அரிக்கும் என்பது அடுக்களையில் எப்போதோ தெரிந்த சங்கதி. அது எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

இரண்டு மணி நேரத்தில் எஞ்சின் மூடி, கைப்பிடி, டிஸ்க், காலிப்பர் என்று தலை தெரிந்த போல்ட் அத்தனையையும் மாற்றிவிட்டார்கள். இம்பேக்ட் கன் என்ற, போல்ட்டைத் தட்டித் தட்டி இறுக்கும் துப்பாக்கி மாதிரியான கருவியை வைத்து ஒவ்வொன்றையும் கடகடவென்று இறுக்கினார் பையன். இத்தனை இறுக்கம் போதும் என்று அளவு வைத்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் அந்தக் கடையில் என் கண்ணில் படவேயில்லை. 6 மில்லி மீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும். அந்தத் துப்பாக்கிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பழைய போல்ட்டுகளைக் கேட்டேன். “இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போய்விட்டாரே” என்றார் கடைக்காரர். துருப்பிடித்திருந்தாலும் அவை கம்பெனி போல்ட்டுகள். அவற்றை விட்டுவிட்டு வந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஐந்தாம் மாதம் மகளை ஏற்றிக்கொண்டு பாபநாசம் போனேன். அகத்தியர் அருவியில் குளித்துவிட்டு இறங்கும்போது பிரேக் பிடித்தால் முன்பக்கம் ‘டக், டக்’ என்று ஒரு சத்தம். விக்கிரமசிங்கபுரம் வந்ததும் நிறுத்திப் பார்த்தேன். காலிப்பரின் மேல் போல்ட்டுக்குத் தலையே இல்லை. கீழ் போல்ட் விரலால் திருகினால் சுற்றுகிறது. அதுவும் போயிருந்தால் காலிப்பர் புரண்டு சக்கரத்துக்குள் சிக்கியிருக்கும், சக்கரம் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொண்டிருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தது பதினோரு வயதுக் குழந்தை.

வண்டியை ஆட்டோவில் ஏற்றி அம்பாசமுத்திரத்தில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு காந்தத்தை எடுத்துத் தலைபோன போல்ட்டின் அருகே கொண்டுபோனார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. நல்ல எவர்சில்வர் போல்ட்டைக் காந்தம் லேசாக இழுக்கலாம், இப்படிப் பாய்ந்து ஒட்டாது. என் காலிப்பரைப் பிடித்திருந்தது குரோம் முலாம் பூசிய சாதாரண இரும்பு.

உண்மையான எவர்சில்வராகவே இருந்திருந்தாலும் அந்த இடத்துக்கு அது ஆகாது என்று அவர்தான் விளக்கினார். 8.8 என்று பொறித்த போல்ட் ஒரு சதுர மில்லி மீட்டருக்கு 800 நியூட்டன் வரை தாங்கும், 640 வரை இழுத்தாலும் நிரந்தரமாக நீளாது. எவர்சில்வரில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை 700 வரைதான் தாங்கும், 450லேயே நீள ஆரம்பித்துவிடும். பார்க்கப் பளபளப்பானது, ஆனால் மென்மையானது. பிரேக், டிஸ்க், அச்சு, கைப்பிடி, எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் இடம், இவற்றில் கம்பெனி போல்ட்டைத் தவிர எதையும் மாட்ட அவர் சம்மதிப்பதில்லையாம். பழைய போல்ட்டுக்கே குரோம் ஏற்றித் தருகிறோம் என்பவர்களையும் நம்பவேண்டாம் என்றார். உறுதியான எஃகை அமிலத்தில் போட்டு முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்துவிடும். முலாம் பூசிய கையோடு சூட்டில் வைத்து அதை வெளியேற்றாவிட்டால், மாட்டிய சில நாளில் போல்ட் வெடிப்பு விடலாம்.

கெடுதல் அதோடு நிற்கவில்லை. மீதி போல்ட்டுகளையும் கழற்றச் சொன்னேன். கிளட்ச் மூடியிலிருந்தவை நிஜமான எவர்சில்வர்தான், காந்தம் ஒட்டவில்லை. ஆனால் மூன்று போல்ட்டுகள் வரும்போது எஞ்சினின் மரையையும் பிடுங்கிக்கொண்டு வந்தன, சுற்றிலும் வெள்ளை மாவு. எஞ்சின் உடம்பு அலுமினியம். எவர்சில்வரும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரம் இறங்கினால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் கிரீஸைக் கொஞ்சம் தடவி மாட்டியிருந்தால்கூட இவ்வளவு பிடித்திருக்காது. பத்து ரூபாய்ச் செலவைக்கூட அந்தக் கடை செய்யவில்லை. லேத் பட்டறையில் மூன்று துளையிலும் எஃகுச் சுருள் இறக்கிப் புது மரை போட 1,500 ரூபாய். கம்பெனி போல்ட்டுகளுக்கு 1,100.

கடைக்குத் திரும்பப் போனேன். “நீங்கள் கடற்கரையில் ஓட்டினால் நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்றார்கள். கடற்கரையில் ஓட்டுகிறேன் என்று சொல்லித்தானே வாங்கினேன்! தலைபோன போல்ட்டை மேசையில் வைத்தேன். எங்கள் போல்ட்டே இல்லை என்றார்கள். பில் கேட்டு வாங்காதது என் தவறு. கைபேசியில் பணம் அனுப்பிய பதிவு மட்டும் இருந்தது. அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

இப்போது வண்டியில் கம்பெனி போல்ட்டுகள்தான். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, ஒவ்வொரு தலையிலும் ஒரு பொட்டு கிரீஸ் வைக்கிறேன். பழுப்பேறத்தான் செய்கிறது. தலைபோன போல்ட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். திசையன்விளை, உவரிப் பக்கம் யாருக்காவது தங்கள் வண்டியில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் கேளுங்கள், காந்தத்தோடு வருகிறேன்.