ஜிப் டிரைவா, சைக்வெஸ்ட்டா? 1995இன் டிஸ்க் போட்டி

ஒரு ஏ4 படத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் சுமார் 25 மெகாபைட் வரும். அதை அச்சகத்துக்குக் கொண்டுபோக அன்று 1.44 மெகாபைட் ஃபிளாப்பி 18 வேண்டும். அமெரிக்காவில் ஆப்பிளின் மேக் கணினியில் வேலை செய்த வடிவமைப்பாளர்களுக்கு இந்தத் தலைவலியைத் தீர்த்து வைத்தது சைக்வெஸ்ட். கலிஃபோர்னியாவில் 1982இல் சையத் இஃப்திகார் தொடங்கிய நிறுவனம் அது. அதன் 44 மெகாபைட் கார்ட்ரிட்ஜ் (டிரைவிலிருந்து கழற்றி எடுத்துப்போகும் டிஸ்க்) இல்லாத அச்சகத்தைப் பார்ப்பது அப்போது அரிது.

1995 தொடக்கத்தில் போட்டி நிறுவனமான அயோமெகாவின் ஜிப் வந்தது. டிரைவ் 199 டாலர், 100 மெகாபைட் டிஸ்க் ஒன்று சுமார் 20 டாலர். சைக்வெஸ்ட் சில மாதங்களிலேயே ஈசி135 என்ற டிரைவை இறக்கியது. கொள்ளளவு 135 மெகாபைட். வேகத்திலும் அதுதான் முந்தியது. காரணம் உள்ளே இருந்த தட்டு. ஜிப்பில் சுழல்வது ஃபிளாப்பியைப் போல வளையும் தகடு. ஈசி135இல் இருப்பது அசல் ஹார்டு டிஸ்க் தட்டு. ஒரு ஃபைலைத் தேடிப்பிடிக்க ஜிப்புக்கு ஏறத்தாழ 29 மில்லிவினாடி; சைக்வெஸ்ட்டுக்கு அதில் பாதிகூட ஆகாது. ஆனால் கெட்டித் தட்டை வெளியே எடுத்து எடுத்துப் போட்டால் தூசி ஏறும். தகவலைப் படித்து எழுதும் முனையான ஹெட் தட்டில் உரசினால் கதை முடிந்தது.

என்னைக் கேட்டால், எந்திரமாக ஈசி135தான் உயர்ந்தது. ஆனாலும் ஜிப் ஜெயித்ததில் அநியாயம் எதுவும் இல்லை. நீல நிறத்தில் கைக்கு அடக்கமான பெட்டி. பிரிண்டர் போர்ட்டில் கேபிளைச் செருகி, பிரிண்டரை ஜிப்பின் முதுகில் மாட்டிவிட்டால் இரண்டும் வேலை செய்யும். கணினியைத் திறக்க வேண்டாம், கார்டு வாங்க வேண்டாம். மெதுவாகத்தான் ஓடும், சரி. ஆனால் டிரைவையே பைக்குள் போட்டு நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அப்புறம் அவரும் ஒன்று வாங்குவார். வாங்கிக்கொள்பவரிடமும் அதே டிரைவ் இருந்தால்தானே டிஸ்க்கைக் கொடுத்தனுப்ப முடியும்?

மூன்றாவதாக எல்எஸ்-120 என்ற சூப்பர்டிஸ்க். 120 மெகாபைட், பழைய 1.44 ஃபிளாப்பியையும் அதே வாயில் போடலாம். நல்ல யோசனை, வந்ததுதான் தாமதம். அதற்குள் ஜிப் எங்கும் பரவிவிட்டது.

ஜிப்பின் பெரிய குறை பின்னால்தான் தெரிந்தது. டிஸ்க்கைப் போட்டதும் 'டக்... டக்... டக்' என்று ஹெட் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். பயனர்கள் அதை மரண ஒலி என்றே சொன்னார்கள். 1998இல் வழக்கே தொடர்ந்தார்கள். இதில் கொடுமை, தொற்றுநோய் போல அது பரவியதுதான். கெட்ட ஹெட் டிஸ்க்கின் ஓரத்தைக் கிழிக்கும், கிழிந்த டிஸ்க் அடுத்த டிரைவின் ஹெட்டைக் கெடுக்கும்.

அதனால் சைக்வெஸ்ட் பிழைத்ததா என்றால், இல்லை. 1 ஜிகாபைட் ஸ்பார்க் டிரைவை 199 டாலருக்கே கொடுத்துப் பார்த்தார்கள், நஷ்டம்தான் ஏறியது. 1998 நவம்பரில் திவால். மிச்சமிருந்த சொத்துகளை வாங்கியது யார் தெரியுமா? அயோமெகாவேதான்.

வீட்டில் பழைய ஜிப் டிஸ்க் கிடந்து, அதிலுள்ள ஃபைல்கள் வேண்டுமென்றால், உடனே டிரைவில் தள்ளிவிடாதீர்கள். உலோக மூடியை நகர்த்தி, உள்ளே தகட்டின் ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பிசிறோ கிழிசலோ தெரிந்தால் அந்த டிஸ்க்கை எந்த டிரைவிலும் போடாதீர்கள்.