பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு வரை ஓட்டிக் காட்டும் மைலேஜை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

காருக்குப் பின்னால் வால் நீட்டிப்பு வைத்து முப்பது சதவீதம் மைலேஜ் கூட்டித் தருகிறேன் என்று எல்லைப் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறைக்காரர் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் வாடகை வண்டி வைத்திருப்பவர்கள், கொச்சிக்கு அடிக்கடி போய் வருபவர்கள்தான் அவர் குறி. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடுங்கள். என்னிடம் 34,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வேலைக்காக வேகன்ஆரில் வாரத்தில் பாதி நாள் திருச்சூர், எர்ணாகுளம் என்று 544ஆம் எண் நெடுஞ்சாலையில்தான் இருப்பேன். பின்பக்கம் நேராக வெட்டி நிறுத்திய வண்டி அது. வேகமாகப் போகும்போது வெட்டு விழுந்த இடத்துக்குப் பின்னால் காற்று சுழன்று அழுத்தம் குறையும், அது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். கூரையோடும் பக்கங்களோடும் வருகிற காற்றை மெல்ல உள்ளே சரித்துக் கொண்டுபோய் விட்டால் அந்த இழுப்பு குறையும். முழு நீள வால் தேவையில்லை, பாதியில் வெட்டினாலும் பெரும்பங்கு பலன் கிடைக்கும் என்று 1930களிலேயே ஜெர்மனியில் வுனிபால்ட் காம் என்ற பொறியாளர் காட்டிவிட்டார். அமெரிக்காவில் நீளமான டிரெய்லர் லாரிகளுக்குப் பின்னால் மடக்குத் தகடு வைத்து ஓட்டியதும் இதே கணக்கில்தான். விஷயம் உண்மையானது. உண்மையான ஒன்றை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டு முற்றத்திலேயே சன்பேக் என்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, அலுமினிய ஆங்கிளில் கட்டி, ஒரு மாதிரி செய்து பார்த்தேன். ஃபிளெக்ஸ் போர்டு கடைகளில் கிடைக்கிற ஷீட்தான். நீளம் 60 சென்டிமீட்டர், மேல் சரிவு 12 டிகிரி, பக்கச் சரிவு 8 டிகிரி. டெயில் லைட், நம்பர் பிளேட் இரண்டையும் மறைக்காத அமைப்பு. டிக்கியைத் திறக்க வேண்டும் என்றால் கழற்றி வைத்துக்கொள்ளலாம். இதை ஃபைபரில் உறுதியாகச் செய்து தர ஆள் தேடியபோதுதான் அந்தப் பட்டறை கிடைத்தது. வரைபடத்தை அவர் கையில் கொடுத்து, கோணத்தை மட்டும் மாற்றக் கூடாது என்று சொன்னேன். “ஒரு நூல் மாறாதுங்க அண்ணா, எழுதியே குடுத்தர்றேன்” என்றார். வரைபடத்தின் கீழே கையெழுத்தும் போட்டார்.

ஆர்டிஓ விஷயத்தையும் கேட்டேன். கேரளத்தில் வண்டியை மாற்றியமைப்பதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பார்கள் என்று நம் பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவர் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்துக் காட்டினார். வண்டிகளையும் உதிரிபாகங்களையும் சோதித்துச் சான்று தருகிற, புனேயில் இருக்கும் அராய் (ARAI) நிறுவனத்தின் சான்று, இதை வைத்திருந்தால் எந்த மாநிலத்திலும் கை வைக்க மாட்டார்கள் என்றார். பிறகு அந்தத் தாளின் நகலை வாங்கி நிதானமாகப் படித்தேன். வேறு ஒரு கம்பெனியின் விளக்குக்கான சோதனை அறிக்கை அது. வால் பற்றி ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

சட்டம் இதுதான். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இரண்டு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி தனியாக உண்டு. அந்த அளவுக்குள் இருந்தாலே அனுமதி கிடைத்துவிட்டதாக ஆகாது. பட்டறைக்காரர் இந்த விதியைத் தலைகீழாக்கி, “அறுபது பர்சென்ட் வரைக்கும் கவர்மெண்டே அலவ் பண்ணுது” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனி அந்த மைலேஜ் வித்தைக்கு வருகிறேன்.

ஜனவரியில் வேலை முடிந்தது என்று போன் வந்தது. வாலை மாட்டி, பெயின்டும் அடித்து வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், “வாங்கண்ணா, உங்க ஊர்ப்பக்கமே ஓட்டிட்டுப் போலாம், மைலேஜை நீங்களே பாருங்க” என்று பொள்ளாச்சியில் மீட்டரை ரீசெட் செய்துவிட்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தார். ஏசி கிடையாது. ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் ஒரே சீரான வேகம். கோபாலபுரம் தாண்டி, சித்தூர் வழியாகப் பாலக்காடு போய்ச் சேர்ந்தபோது டிஸ்ப்ளேயில் லிட்டருக்கு 25.8 என்று நின்றது. எப்போதும் 20 கொடுக்கிற வண்டி.

நம் பாலக்காட்டுக் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரிந்திருக்கும். பொள்ளாச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 290 மீட்டர் உயரம், பாலக்காடு 85 மீட்டருக்குள். வழி நெடுக லேசான இறக்கம், கண்ணுக்கே தெரியாது. ஆளோடு சேர்த்து ஒரு டன் எடையுள்ள வண்டி 200 மீட்டர் இறங்கும்போது மிச்சமாவது கிட்டத்தட்ட கால் லிட்டர் பெட்ரோல். சுமார் 45 கிலோமீட்டர் தூரத்துக்கு வழக்கமாக ஆவதே இரண்டேகால் லிட்டர்தான். அதில் கால் லிட்டரை இறக்கமே கொடுத்துவிடுகிறது. இதோடு மார்கழி, தை மாதங்களில் கணவாய்க்குள் கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கிற காற்று. அன்றைக்கு ரோட்டோரத் தென்னை ஓலை எல்லாம் பாலக்காட்டுப் பக்கமே வளைந்து நின்றது. காற்று முதுகில் தள்ளுகிறது, ரோடு கீழே இறங்குகிறது. இந்த இரண்டுக்கும் வாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“இதே வழியில் திரும்பிப் போய் ரீடிங் பார்க்கலாமே” என்று கேட்டேன். வாளையார் வழியாகக் கோயம்புத்தூர் போய் ரெசின் வாங்க வேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். பேலன்ஸை ஜிபேயில் வாங்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நானே பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்கு ஓட்டினேன். அதே வேகம், டயரில் அதே காற்று, ஏசி இல்லை. லிட்டருக்கு 16.5. போகவர இரண்டுக்கும் செலவான பெட்ரோலைக் கூட்டி, ஓடிய தூரத்தை அதால் வகுத்தால் 20.1. வால் இல்லாமல் வண்டி கொடுத்ததும் அதுதான்.

முப்பது சதவீதம் என்ற பேச்சே அபத்தம். இந்த மாதிரி சின்ன வண்டியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எதிர்ப்பு காற்றால் வருவது, மிச்சம் டயர் உருள்வதால். மைலேஜ் முப்பது சதவீதம் கூட வேண்டுமானால் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைய வேண்டும். இரண்டடி வால் ஒன்றால் அது நடக்காது. நாற்பதில் போனால் டயரின் எதிர்ப்புதான் பெரிது, அப்போது வால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றே. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று ஊருக்குள்ளேயே ஓடுகிற டாக்சிக்கு இதை விற்பது பச்சைக் கொள்ளை.

அடுத்து கோணத்தை அளந்தேன். மேல் சரிவு 28 டிகிரி இருந்தது. நான் கொடுத்தது 12. எஸ்.ஆர். அகமது என்ற ஆய்வாளர் கார் வடிவ மாதிரி ஒன்றில் பின்சரிவை மாற்றி மாற்றிச் சோதித்து 1984இல் முடிவுகளை வெளியிட்டார். 12 டிகிரியை ஒட்டித் தடை மிகக் குறைவாக இருந்தது. அதற்குமேல் ஏறிக்கொண்டே போய் 30 டிகிரியில் உச்சத்தைத் தொட்டது. பட்டறைக்காரர் எனக்குக் கட்டிக் கொடுத்தது அந்த உச்சத்துக்குப் பக்கத்தில். கம்பளி நூலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி வால் முழுக்க டேப்பில் ஒட்டி, மச்சான் காரில் பின்னால் வந்த தம்பியை வீடியோ எடுக்கச் சொன்னேன். காற்று ஒட்டிப் போனால் நூல் அத்தனையும் பின்பக்கம் பார்த்துப் படுத்திருக்க வேண்டும். கூரை முடிகிற இடத்திலேயே நூல்கள் எழுந்து சுழல்கின்றன, சிலது முன்பக்கமே திரும்பி நிற்கின்றன. கேட்டதற்கு, ஏற்கெனவே ஒரு வேனுக்குப் போட்ட மோல்டு இருந்தது, அதிலேயே எடுத்துவிட்டேன், “காத்துக்குக் கோணமெல்லாம் தெரியுமாங்கண்ணா” என்றார். அவர் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் அப்படியே இருக்கிறது.

செய்த வேலையும் கேவலம். மூன்று அடுக்கு ஃபைபர் நார் மேட் வைப்பதாகப் பேச்சு. ஓரம் பெயர்ந்த இடத்தில் பார்த்தால் ஒரே அடுக்கு நார், அதன்மேல் விரல் தடிமனுக்குப் பட்டி. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. கழற்றி மாட்டும்படி கேட்டேன். டிக்கிக் கதவில் நேராக ஓட்டை போட்டு ஸ்குரூ இறக்கியிருக்கிறார். துளையின் ஓரத்தில் பிரைமர்கூடத் தொடவில்லை, ஒரு மழையிலேயே ஒவ்வொரு ஸ்குரூவின் கீழும் செந்நிறக் கோடு இறங்கிவிட்டது. மேலே இருக்கும் பிரேக் லைட் பாதி மறைந்துவிட்டது. கஞ்சிக்கோட்டுப் பக்கம் பக்கக்காற்று வாங்கியபோது வால் தடதடவென்று அடித்தது. நெடுஞ்சாலையில் அது கழன்று பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது. அன்றே கழற்றிவிட்டேன். துளைகளை அடைத்துப் பெயின்ட் அடித்த செலவு தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “பில்லு தமிழ்நாடு, வண்டி கேரளா, கேசு எங்க போடுவீங்க” என்று சிரித்தார். பில்லாக அவர் கொடுத்தது ஜிஎஸ்டி எண் இல்லாத எஸ்டிமேட் சீட்டு. அவர் சொன்னதும் பொய்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற அல்லது வேலை செய்கிற மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொடுக்கல் வாங்கலுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். விவரம் கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. நான் பாலக்காட்டில் கொடுத்துவிட்டேன். கையெழுத்திட்ட வரைபடம், ஜிபே ரசீது, முப்பது சதவீதம் என்று அவர் பேசி அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ், இரண்டு பக்கமும் ஓட்டிய டிஸ்ப்ளேயின் போட்டோ, நூல் வீடியோ எல்லாம் சேர்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே பணம் கொடுத்து வேலை பாதியில் நிற்கிறது என்றால், வண்டியை எடுக்கும்போது அவரையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கும் அங்கிருந்து திரும்பவும் அதே நாளில் ஓட்டுங்கள். இரண்டு ரீடிங்கையும் போட்டோ எடுக்கும் வரைக்கும் பேலன்ஸைக் கொடுக்காதீர்கள். டிக்கியில் டிரில் வைக்க விடவே விடாதீர்கள். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எதையும் அழித்துவிடாதீர்கள்.