மறுபிறவி: டிலிங்கிட் நம்பிக்கையும் இனுயிட் நம்பிக்கையும்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையில் வாழும் டிலிங்கிட் மக்களும், ஆர்க்டிக்கின் இனுயிட் மக்களும் இறந்தவர் குழந்தையாகத் திரும்புவார் என்று நம்பியவர்கள். எப்படித் திரும்புவார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

டிலிங்கிட் வழக்கில் அடையாளம் வேண்டும். கர்ப்பிணியின் கனவில் இறந்தவர் வரலாம், குழந்தையின் உடம்பில் மச்சமோ தழும்போ தெரியலாம். 1960களில் மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் அங்கே பதிவுசெய்த ஒரு சம்பவத்தில், முதியவர் ஒருவர் தன் உடம்பின் அறுவைத் தழும்புகளைக் காட்டி, “உன் மகனாகப் பிறப்பேன், இவற்றை வைத்து அடையாளம் கண்டுகொள்” என்று தன் சகோதரியின் மகளிடம் சொல்லியிருக்கிறார். குலம் தாய்வழி என்பதால் திரும்பி வருவதும் பெரும்பாலும் தாய்வழி உறவுக்குள்தான்.

இனுயிட்டுகளுக்குப் பெயரே போதும். இறந்தவரின் பெயரைச் சூட்டினால் அவரில் ஒரு பகுதி குழந்தைக்குள் வந்துவிடும். அப்புறம் உறவுமுறையே மாறிவிடும்: தன் தந்தையின் பெயரைத் தாங்கிய கைக்குழந்தையைத் தாய் “அப்பா” என்றே கூப்பிடுவாள். அந்தப் பிள்ளையைக் கடிந்து பேசவும் தயங்குவார்கள். பெயருக்கு ஆண், பெண் பேதமில்லை. பாட்டியின் பெயர் பேரனுக்கும் வரலாம்.

எனக்கு இனுயிட் முறைதான் மனதுக்கு நெருக்கம். அதில் யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒருவரின் பெயரைப் பல குழந்தைகளுக்கு வைக்கலாம் என்பதால், இறந்தவர் ஒரே சமயத்தில் பல வீடுகளுக்கும் திரும்ப முடியும்.