அக்ரிலிக் வகுப்பு என்று கட்டிய 6,500 போனது. புதிதாகச் சேரப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

வகுப்பு நடத்துகிறவர்களிடமிருந்து நேற்று ராத்திரிதான் கடைசி பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." இதை எழுதும்போதும் உடம்பு படபடக்கிறது. 6,500. நான்கு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்த பணம். பணம்கூடப் பரவாயில்லை, மூன்று வாரம் என் கையைத்தான் நான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

பெயர் சொல்லவில்லை. ஓவியம், இசை, கைவேலை எல்லாம் வீட்டிலிருந்தே கற்கலாம் என்று விளம்பரம் செய்யும் இணைய வகுப்பு நிறுவனம். தொடக்க நிலை அக்ரிலிக் பெயிண்ட் ஓவியம், எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நேரலை வகுப்பு. ஒவ்வொரு படத்தையும் ஆசிரியரே பார்த்துத் திருத்துவார். பெயிண்ட், பிரஷ், கான்வாஸ் எல்லாம் பெட்டியாக வீட்டுக்கே வந்துவிடும். இதுதான் அவர்கள் சொன்னது.

நான் விழுந்தது இலவச அறிமுக வகுப்பில். பள்ளிக்கூடத்தோடு வரைவதை விட்டவள் நான். அன்று கொடுத்த பயிற்சி, ஒரு நீலத்தில் வெள்ளையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஐந்து படிகளாக வெளிறச் செய்வது. வீட்டில் கிடந்த போஸ்டர் கலரை வைத்துச் செய்து கேமராவில் காட்டினேன். ஆசிரியர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "மூணாவதுல இருந்து நாலாவதுக்கு எவ்வளவு நிதானமா வந்திருக்கீங்க பாருங்க மேடம். இந்தக் கண்ணு எல்லாருக்கும் அமையாது" என்றார். என் கையால் செய்த ஒன்றை யாரும் அப்படி நின்று பார்த்துப் பல வருடமாகிறது. திரையின் ஓரத்தில் 'இன்று மட்டும் இந்தக் கட்டணம்' என்று நேரம் குறைந்துகொண்டே வந்தது. வகுப்பு முடியும் முன்பே கட்டிவிட்டேன்.

அந்த ஆசிரியரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து நேரலையும் இல்லை, பதிவு செய்த காணொளிகள்தான். சரி, பாடம் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் படம் இரவு வானம். அடர்நீலம் பூசி, காய்ந்ததும் மேலே வெள்ளை நிலா. காணொளியில் இரண்டு தீற்றலில் நிலா பளிச்சென்று வந்துவிட்டது. நான் ஐந்து முறை பூசினேன். ஒவ்வொரு முறையும் காய்ந்ததும் உள்ளிருந்து நீலம் எட்டிப் பார்த்தது. பிரஷிலிருந்து முடி உதிர்ந்து பெயிண்டோடு ஒட்டிக்கொண்டது. கேட்டதற்கு, "தண்ணீர் அதிகம் சேர்க்கிறீர்கள்" என்று பதில். குறைத்தேன். "பொறுமையாகக் காயவிடுங்கள்." காயவிட்டேன். "பிரஷை அழுத்தாதீர்கள்." நான் புதிது, அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் கூடினால் அக்ரிலிக்கின் பிடிப்பு போய்விடும் என்பது உண்மையும்கூட. அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

சித்தப்பா மகள் வந்திருந்தாள், பல வருடமாக வரைகிறவள். ட்யூபைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் 'வெள்ளை' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. தன் பையிலிருந்து டைட்டானியம் ஒயிட் ட்யூப் ஒன்றை எடுத்து, அதில் 'பிடபிள்யூ 6' என்று நிறமியின், அதாவது நிறத்தைத் தரும் பொடியின், எண் அச்சாகியிருப்பதைக் காட்டினாள். என் நிலாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தீற்றல். நீலம் மறைந்துவிட்டது. அப்புறம் புதுக் கான்வாஸ் ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். உடனே உறிஞ்சிப் பின்பக்கம் ஈரமாகிவிட்டது. "அக்கா, இது உன் கை இல்ல. இதுல நிறமியைவிட மாவுதான் அதிகம். துணிக்கு ஜெஸ்ஸோகூட பூசல" என்றாள். துணி பெயிண்டை உறிஞ்சிவிடாமல் இருக்க முதலில் பூசும் அடிப்பூச்சுதான் ஜெஸ்ஸோ.

அன்றே எழுதினேன். இரண்டு வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினேன். "திரையில் நிறம் மாறித் தெரியலாம்" என்றார்கள். போனில் பேசியவர், "தொடக்க நிலைக்கு இதுவே போதும் மேடம், கை பழகினா சரியாயிடும்" என்றார். கை பழகினால் ட்யூபில் இல்லாத நிறம் எங்கிருந்து வரும்? அடுத்து, பெட்டியைப் பிரித்தபோது எடுத்த காணொளி வேண்டுமாம். அதற்கும் அடுத்து, நான்கில் ஒரு பங்குப் பாடத்தைப் பார்த்துவிட்டதால் பணம் திரும்பாதாம். 6,500 கட்டிய பக்கத்தில் இப்படி ஒரு வரிகூட இல்லை, ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

இன்னொன்று. ஆசிரியர் திருத்துவார் என்றார்களே. எனக்கு வந்தது, "நல்ல முயற்சி, நிழலில் இன்னும் கவனம் செலுத்துங்கள்." நான் அனுப்பியிருந்தது வெறும் நிறக் கட்டங்கள், அதில் நிழலே கிடையாது. கூடப் படித்த ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவருக்கும் எழுத்து மாறாமல் அதே வரி.

எதை வாங்கலாம், எப்படித் தொடங்கலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறமியின் எண் இல்லாத ட்யூபை வாங்காதீர்கள், மாணவர் தரத்திலும் நல்ல தயாரிப்பாளர்கள் அதை அச்சிடுகிறார்கள். பன்னிரண்டு நிறம் தேவையே இல்லை. வெள்ளை, ஒரு நீலம், ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு பழுப்பு இருந்தால் தொடங்கிவிடலாம். கான்வாஸுக்கு ஜெஸ்ஸோ பூசியிருக்கிறதா என்று கேளுங்கள். பிரஷில் பெயிண்ட் காயவிடாதீர்கள், காய்ந்தால் தண்ணீரில் கரையாது. பெட்டி வந்தால் பிரிப்பதைக் காணொளி எடுங்கள். நேரம் ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தில் அன்றைக்குப் பணம் கட்டவே கட்டாதீர்கள்.

வங்கியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வர நாளாகுமாம். 6,500. அந்தப் பன்னிரண்டு ட்யூபையும் தூக்கி எறியத்தான் கை வருகிறது. ஆதாரம் கேட்பார்கள் என்று பெட்டியோடு எடுத்து வைத்திருக்கிறேன்.