எஸ்கியூ-1, கீஸ்டெப், பீட்ஸ்டெப் ப்ரோ: உங்கள் அனலாக் சிந்துக்கு எது ஒத்துவரும்?

அனலாக் சிந்துக்கு (மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர்) சீக்வென்சர், அதாவது ஸ்வரங்களை வரிசையாகத் தானே வாசிக்க வைக்கும் பெட்டி, வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஸ்டெப்?" என்பதுதான். (ஸ்டெப் என்றால் அந்த வரிசையில் ஒரு ஸ்வரத்துக்கான இடம்.) அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உங்கள் சிந்த் எந்த மாதிரி வோல்டேஜை எதிர்பார்க்கிறது? இதைப் பார்க்காமல் வாங்கினால் 64 ஸ்டெப் இருந்தும் ஒரு ஸ்வரம்கூட உருப்படியாக வராது.

இங்கே பார்க்கப்போவது மூன்று பெட்டிகள். கோர்க் எஸ்கியூ-1, ஆர்ட்டூரியா பீட்ஸ்டெப் ப்ரோ இரண்டும் 2015-இல் வந்தவை. ஆர்ட்டூரியா கீஸ்டெப் 2016. மூன்றும் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டில் ஒன்றிரண்டு சிந்த் வைத்திருப்பவர்கள் கடைசியில் குழம்பி நிற்பது பெரும்பாலும் இவற்றுக்கு நடுவில்தான்.

முதலில் வோல்டேஜ் கணக்கு

சீக்வென்சரிலிருந்து சிந்துக்கு இரண்டு கேபிள் போகும். எந்த ஸ்வரம் என்று சொல்வது சிவி (கன்ட்ரோல் வோல்டேஜ்). அந்த ஸ்வரம் எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று சொல்வது கேட்.

மூக், ரோலண்ட், ஆர்ப் கம்பெனிகளின் சிந்துகள், இன்றைய யூரோராக் மாட்யூலர்கள் எல்லாவற்றிலும் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 1 வோல்ட். அதாவது ஒரு அரை ஸ்வரம் ஏற 1 வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 83 மில்லிவோல்ட். 1978-இல் வந்த கோர்க் எம்எஸ்-20-க்கும் யமஹா சிஎஸ் வரிசையின் சில மாடல்களுக்கும் கணக்கே வேறு. அவை ஹெர்ட்ஸ்/வோல்ட் முறையில் ஓடுபவை. அங்கே ஒவ்வொரு ஆக்டேவுக்கும் வோல்டேஜ் இரட்டிக்கும்: 1, 2, 4, 8. ஒரு முறையில் வரும் சிவியை இன்னொரு முறை சிந்தில் செருகினால் பெட்டி ஒன்றும் எரிந்துவிடாது, ஆனால் ஸ்வரங்களுக்கு இடையிலுள்ள தூரமெல்லாம் மாறிப்போய் அபஸ்வரம்தான் கேட்கும்.

கேட்டிலும் இதே கதை. பெரும்பாலான சிந்துகளுக்கு 5 வோல்ட் வந்தால் 'கட்டை அழுத்தப்பட்டது' என்று அர்த்தம். பழைய ஆர்ப்புகள் 10 வோல்ட் கேட்கும். பழைய மினிமூக், எம்எஸ்-20 இரண்டும் வோல்டேஜையே கேட்பதில்லை. டிரிகர் வயரை கிரவுண்டோடு சேர்த்தால்தான் ஒலிக்கும். இதற்கு எஸ்-டிரிக் என்று பெயர்.

கீஸ்டெப்பை கம்ப்யூட்டரில் இணைத்து ஆர்ட்டூரியாவின் மென்பொருளைத் திறந்தால் இதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஆக்டேவுக்கு 1 வோல்ட், ஹெர்ட்ஸ்/வோல்ட் இரண்டும் உண்டு. கேட்டுக்கு 5 வோல்ட், 12 வோல்ட், எஸ்-டிரிக் மூன்றும் உண்டு. எஸ்கியூ-1-லும் எம்எஸ்-20-க்கு ஏற்ற ஹெர்ட்ஸ்/வோல்ட் இருக்கிறது, கேட்டின் போலாரிட்டியையும் (வோல்டேஜ் ஏறுவதா இறங்குவதா 'அழுத்தியது' என்பதை) மாற்றலாம். பழைய சிந்த் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெப் எண்ணிக்கையைவிட இதுதான் பெரிய விஷயம்.

எஸ்கியூ-1: கையால் யோசிப்பவர்களுக்கு

இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டுக் குமிழ், ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒரு பட்டன். இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும். இரண்டு சிவி, இரண்டு கேட். நினைவகம் கிடையாது, குமிழ் எங்கே நிற்கிறதோ அதுதான் உங்கள் பாட்டு. நேற்று வாசித்தது இன்றைக்கு வேண்டுமென்றால் நேற்றைக்கே போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும். இதைக் குறை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சேமிக்க முடியாது என்று தெரிந்தால் கை பயமில்லாமல் திருகும், எதிர்பாராத வரிசைகள் வரும்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. வீச்சை 5 வோல்ட்டில் வைத்தால் ஒரே குமிழின் சுற்றில் ஐந்து ஆக்டேவ், அதாவது 60 அரை ஸ்வரங்கள் அடங்கியாக வேண்டும். விரல் நகம் பட்டாலே ஸ்வரம் மாறிவிடும். 1 வோல்ட் வீச்சுக்கு மாற்றினால் அதே சுற்றில் 12 அரை ஸ்வரங்கள்தான். தேடிய ஸ்வரத்தில் கை தானாக நிற்கும். எஸ்கியூ-1 சுருதியில் நிற்கவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் இதை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மேஜர், மைனர், க்ரொமாட்டிக் என்று ஸ்கேலில் பூட்டியும் ஓட்டலாம், பூட்டாமல் லீனியராகவும் ஓட்டலாம். இந்த லீனியர் நிலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பியானோவின் பன்னிரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடங்களெல்லாம் திறந்துவிடும். கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு, தோடியின் காந்தாரம் ஒரே கட்டையில் அசையாமல் நிற்பது பொறுக்காது. கீழே ஒரு ஸ்டெப், சற்று மேலே ஒரு ஸ்டெப், இரண்டுக்கும் நடுவில் ஸ்லைடு. கமகம் என்று இதைச் சொல்லிவிட முடியாது, ஆனால் கமகம் இருக்கும் திசையில் ஓர் அடி எடுத்து வைக்கலாம். மற்ற இரண்டு பெட்டிகளிலும் ஸ்டெப்புகள் அரை ஸ்வரக் கணக்கில்தான் நிற்கும்.

எஸ்கியூ-1-ஐ சுருதிக்கு மட்டும் வைத்துக்கொள்வது அதைப் பாதி பயன்படுத்துவதுதான். மேல்வரிசை சுருதிக்கு, கீழ்வரிசை ஃபில்டரின் கட்ஆஃபுக்கு (ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் எல்லை) என்று பிரித்துப் பாருங்கள். எட்டு ஸ்வரம் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு வாய் திறந்து பேசும்.

கீஸ்டெப்: முதல் பெட்டி இதுவாக இருக்கட்டும்

32 சின்னக் கட்டைகள், 64 ஸ்டெப் வரை சீக்வென்சர், ஆர்பெஜியேட்டர் (அழுத்திப் பிடித்த கட்டைகளை ஒவ்வொன்றாக ஒலிக்கும் வசதி). சுருதி, கேட், மாட் (மாடுலேஷன்) என மூன்று சிவி வெளியீடு. எட்டு சீக்வென்ஸ்களைச் சேமிக்கலாம். ஆர்மோனியமோ கீபோர்டோ வாசித்துப் பழகியவர் யோசிக்காமல் இதை எடுக்கலாம். ரெக்கார்டை அழுத்தி ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசித்தால் ஸ்டெப் ஸ்டெப்பாகப் பதியும். ஓடும்போது ஒரு கட்டையைத் தொட்டால் முழு வரிசையும் அந்தச் சுருதிக்கு நகரும். மேடையில் இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

மாட் வெளியீட்டைப் பலர் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். கட்டையை அழுத்தும் வேகத்தையோ, அழுத்திய பிறகு கொடுக்கும் அழுத்தத்தையோ அந்த ஜாக் வழியாக ஃபில்டருக்கு அனுப்பலாம். விசையை உணராத மலிவான அனலாக் சிந்துகூட அப்போது விரலுக்குப் பதில் சொல்லத் தொடங்கும்.

குறை ஒன்றுண்டு. பதிந்த வரிசையில் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் குமிழைத் திருகுவதுபோல் சட்டென்று முடியாது. எஸ்கியூ-1-ல் அரை நொடி வேலை.

பீட்ஸ்டெப் ப்ரோ: இரண்டு சிந்த் இருந்தால்

ஒரே ஒரு சிந்த் வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்லமாட்டேன். இரண்டு தனித்தனி மெலடி சீக்வென்சர், 16 தடம் கொண்ட டிரம் சீக்வென்சர், டிரம்முக்கென்று எட்டு கேட் வெளியீடு. அத்தனையையும் செருக இடம் இருந்தால்தான் இந்தப் பெட்டிக்கு அர்த்தம்.

இடம் இருந்தாலோ, தாளத்தில் இதற்கு ஈடு மற்ற இரண்டும் இல்லை. ஒவ்வொரு வரிசைக்கும் தனி நீளம் வைக்கலாம். ஒன்றில் 7, இன்னொன்றில் 8 வையுங்கள். இரண்டும் 56 ஸ்டெப் கழித்துத்தான் மறுபடி ஒன்றாகத் தொடங்கும். மிஸ்ரத்தையும் சதுஸ்ரத்தையும் கணக்குப் போட்டுப் பழகியவர்களுக்கு இந்தப் பெட்டி புது பாஷை இல்லை.

டிரம் கேட்டுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1982-இல் வந்த ரோலண்ட் எஸ்எச்-101-க்குள்ளேயே 100 ஸ்டெப் வரை கொள்ளும் சீக்வென்சர் இருக்கிறது. அதன் கிளாக் ஜாக்கில் ஒரு பல்ஸ் வந்தால் ஒரு ஸ்டெப் நகரும். பீட்ஸ்டெப்பின் ஒரு டிரம் தடத்தை அங்கே செருகி, இடைவெளி விட்டு அடித்தால், ஸ்வர வரிசை சிந்திலும் அதன் தாளம் பீட்ஸ்டெப்பிலும் தனித்தனியாக இருக்கும். தாளத்தை மாற்றினாலும் ஸ்வரம் கலையாது.

மின்சாரம் யுஎஸ்பி வழியாக மட்டுமே வரும். கம்ப்யூட்டரிலிருந்து கொடுக்கும்போது ஸ்பீக்கரில் சிணுங்கல் கேட்டால், போன் சார்ஜரிலோ பவர் பேங்க்கிலோ செருகிப் பாருங்கள். பெரும்பாலும் கிரவுண்ட் லூப்தான் (இரண்டு வழியாகக் கிரவுண்டு சேர்வதால் வரும் இரைச்சல்). கீஸ்டெப்புக்குத் தனி அடாப்டர் ஜாக் இருப்பதால் இந்தத் தலைவலி குறைவு.

கொஞ்சம் கைவேலை

கையிலிருக்கும் சீக்வென்சரில் எஸ்-டிரிக் இல்லை, சிந்தோ எஸ்-டிரிக் மட்டும்தான் ஏற்கும் என்றால் புதுப் பெட்டி வாங்க வேண்டாம். ஒரு கேபிளுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். வேண்டியது ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், இரண்டு ஜாக். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான்.

டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்கள். இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். சீக்வென்சர் பக்க ஜாக்கின் முனையிலிருந்து ரெசிஸ்டர் வழியாக பேஸுக்கு ஒரு இணைப்பு. சிந்த் பக்க ஜாக்கின் முனையிலிருந்து கலெக்டருக்கு ஒன்று. எமிட்டரும் இரண்டு ஜாக்குகளின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர வேண்டும். கேட் 5 வோல்ட்டுக்கு ஏறும்போது டிரான்சிஸ்டர் திறந்து, சிந்தின் டிரிகர் வயரை கிரவுண்டுக்கு இழுத்துவிடும். சிந்துக்கு வேண்டியதும் அதுதான். பிசி547-க்குப் பதில் 2என்3904 போட்டால் கால் வரிசை நேர் எதிர், எமிட்டர் இடதுபக்கம் வரும். அதைக் கவனிக்காமல் பற்றவைத்துவிட்டு சிந்தில் கோளாறு தேடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று எஸ்கியூ-1-க்கு. கீழ்வரிசையை ஃபில்டருக்குக் கொடுக்கும்போது சில சிந்துகளில் அசைவு மிகையாக இருக்கும். ஒரு 100 கிலோ ஓம் லீனியர் பாட்டின் (பொட்டென்ஷியோமீட்டர், திருகும் ரெசிஸ்டர்) ஒரு ஓரக் காலில் சிவி, மறு ஓரக் காலில் கிரவுண்டு, நடுக்காலிலிருந்து சிந்துக்கு. பேட்டரிகூட வேண்டாம், ஒரு சின்ன டப்பாவுக்குள் அடங்கும். ஆனால் இதைச் சுருதி சிவியில் மாட்டாதீர்கள். ஆக்டேவ் சுருங்கி ட்யூனிங் கெட்டுப்போகும்.

பழையதாக வாங்கினால்

மூன்றுமே செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். போகும்போது ஒரு மல்டிமீட்டரை எடுத்துச் செல்லுங்கள். கீஸ்டெப்பை ஆக்டேவுக்கு 1 வோல்ட்டில் வைத்து, ஒரு 'சி' கட்டையையும் அதற்கு மேல் ஆக்டேவ் 'சி'யையும் அழுத்தி சிவி ஜாக்கை அளந்தால், வித்தியாசம் 1 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். எஸ்கியூ-1-ல் சீக்வென்ஸை ஓடவிட்டு, 16 குமிழையும் ஒவ்வொன்றாக மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது வோல்டேஜ் குதித்தால் அந்தக் குமிழின் பாட் தேய்ந்திருக்கிறது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பீட்ஸ்டெப் ப்ரோவில் எட்டு டிரம் கேட் ஜாக்குகளிலும் கேபிளைச் செருகிச் சற்று அசைத்துப் பார்க்க வேண்டும். அங்கே தொடர்பு விட்டுவிட்டு வந்தால், மற்றதெல்லாம் புதுசாக இருந்தாலும் வேறு பெட்டியைப் பாருங்கள்.